புரட்டாசியும் தீக்குழியும்: வடஆர்க்காட்டுக் குடும்பங்களின் தீவு வாழ்வில் தமிழும் தெலுங்கும்

0. முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னை மாகாணத்திலிருந்து மொரீஷியஸ், ரியூனியன், பிஜி ஆகிய தீவுகளுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கென ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் துயர வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பிஜித் தோட்டப் பெண்களைப் பற்றிய பாரதியின் பாடல் தமிழகத்தார் மனத்தில் அத்தீவைக் கண்ணீரின் தீவாக நிலைநிறுத்தியது. அது உண்மையே. ஆயினும் அதே குடும்பங்கள் அங்கே பிள்ளைகளுக்குப் பெயரிட்டன, திருமணம் செய்தன, நோன்பிருந்தன, தீமிதித்தன. இச்செயல்களுக்கு வழங்கிய சொற்களுட் பல, அவற்றைப் பேசிய மொழி வீட்டை விட்டு நீங்கிய பின்னும் நிலைத்து நிற்கின்றன.

இக்கட்டுரை அச்சொற்களைச் சான்றாகக் கொண்டு இரு வினாக்களை ஆராய்கிறது. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை உள்ளடக்கிய பழைய வடஆர்க்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து சென்றோரின் குடும்ப வாழ்விலும் விழாக்களிலும் எம்மொழி எவ்விடத்தில் நின்றது என்பது முதல் வினா. அவ்விருமொழி வாழ்வு தீவுகளில் எவ்வாறு தனித்தனி மொழிச் சமூகங்களாகப் பிரிந்தது என்பது இரண்டாவது. இவற்றுக்குக் கிடைக்கும் விடை மொழிபெயர்ப்பாளருக்கும் நேரடியாகப் பயன்படுவதாகும்.

1. புறப்பட்ட நிலம்

இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த விஜயபுரம், நகரி, புத்தூர், சத்தியவேடு முதலிய பகுதிகள் இருமொழி வழங்கும் நிலமாகும். ஒரு தெருவில் தமிழும் அடுத்த தெருவில் தெலுங்கும் வீட்டுமொழியாக இருப்பதும், சந்தையில் இரண்டும் கலந்து வழங்குவதும் இங்கு இயல்பு. 1911ஆம் ஆண்டு வரை சித்தூரும் திருப்பதியும் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. சித்தூரே அம்மாவட்டத்தின் தலைமையிடம். அவ்வாண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அது அம்மாநிலத்தைச் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை அடுத்து, 1960இல் திருத்தணி வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருப்பதி 2022இல் தனி மாவட்டத்தின் தலைமையிடமாயிற்று.

இந்நான்கு ஆண்டுகளையும் நினைவிற் கொள்ளுதல் இன்றியமையாதது. ஏனெனில் தீவுகளுக்கான ஒப்பந்தக் கூலி முறை இவ்வெல்லைகளுள் மூன்று தோன்றுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. பதிவேட்டில் ‘வடஆர்க்காடு’ எனக் குறிக்கப்பட்ட ஒருவர் இன்றைய வேலூர்ப் பகுதியினராகவும் இருக்கலாம். இன்றைய திருப்பதிப் பகுதியினராகவும் இருக்கலாம். அவரைத் தமிழர் என்றோ தெலுங்கர் என்றோ மாவட்டப் பெயரை மட்டும் கொண்டு துணிதல் இயலாது.

இந்நிலத்தின் இரு மொழிகளும் சொல்லில் வேறுபட்டாலும் உறவுமுறை அமைப்பில் ஒன்றே. தமிழில் மாமா, அத்தை என்றும் தெலுங்கில் மேனமாம, மேனத்த என்றும் வழங்கும் உறவினரின் மக்கள் மணமுறைக்கு உரியவர். சித்தப்பா, பெரியம்மா மக்கள் உடன்பிறந்தாருக்கு நிகரானவர். அக்காள் மகளை மணத்தலும் இரு சாராருக்கும் உடன்பாடு. ஆகவே ஒரு வீட்டின் மொழி மாறினும் அவ்வீட்டில் யார் யாரை எவ்வாறு விளிக்க வேண்டும் என்னும் கட்டமைப்பு மாறுவதில்லை. மொழி வேறுபாட்டைவிட உறவுமுறையே இங்குக் குடும்பத்தின் அடித்தளம் எனலாம்.

2. பதிவேட்டின் பத்திகள்

மொரீஷியஸுக்கான ஒப்பந்தக் குடியேற்றம் 1834இல் தொடங்கி 1910 வரை நடைபெற்றது. இந்தியாவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 4,50,000 பேர் அங்குச் சென்றனர். பிஜிக்கு 1879 முதல் 1916 வரை சென்றோர் 60,000க்கும் மேற்பட்டோர். 1903ஆம் ஆண்டிலிருந்தே அங்குச் சென்னைத் துறைமுகம் வழியாக ஆட்கள் அனுப்பப்பட்டனர். அவ்வழிச் சென்றோர் ஏறத்தாழ 15,000 பேர். வடஆர்க்காடு அவர்களை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சம் இம்மாவட்டத்தை வாட்டியதும், 1856இலேயே இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா வரை இருப்புப்பாதை அமைந்து, உள்நாட்டு ஊர்களைத் துறைமுகத்துடன் இணைத்ததும் இப்பெயர்வின் பின்னணியில் நோக்கத்தக்கவை.

பிஜிக்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்றச் சீட்டு எழுதப்பட்டது. அதில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், சிற்றூர், நெருங்கிய உறவினர், உயரம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்திகள் உண்டு. மொழிக்குப் பத்தி இல்லை. உடலின் தழும்பைக் கூடக் குறித்த ஆவணம் அவ்வுடலுக்கு உரியவர் பேசிய மொழியைக் குறிக்கவில்லை. சென்னையிலிருந்து சென்றோர் அனைவரும் தீவில் ‘மதராஸி’ எனப்பட்டனர்.

மொரீஷியஸிலும் ரியூனியனிலும் மக்கட்பெயர்கள் துறைமுகங்களையும் ஐரோப்பியர் வழக்கையும் ஒட்டி அமைந்தன. கோதாவரி முகத்துவாரத்திலுள்ள கோரங்கித் துறைமுகத்தின் பெயரால் தெலுங்கர் மொரீஷியஸில் ‘கோரங்கி’ எனப்பட்டனர். ரியூனியனில் தமிழர் ‘மல்பார்’ எனப்படுகின்றனர். இது கேரளத்து மலபாரைக் குறிப்பதன்று. ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் ‘மலபார்’ என்று வழங்கிய பழைய வழக்கின் எச்சமாகும். 

ஆளின் பெயர் குடும்பப் பெயராக உறைந்ததும் இக்காலத்தேதான். தமிழ்நாட்டு வழக்கில் தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறும். மொரீஷியஸில் முதலில் வந்தவரின் இயற்பெயரோ அவர் தந்தையின் பெயரோ வழிவழி வரும் குடும்பப் பெயராயிற்று. ஆறுமுகம், சொக்கலிங்கம், சுப்பிரமணியன், கோவிந்தன், வேங்கடசாமி, வேங்கடாசலம் ஆகிய பெயர்கள் இன்று அங்குக் குடும்பப் பெயர்கள். திருமலைக் கடவுளின் பெயர் கொண்ட பாட்டனாரின் வழியினர் ஆணும் பெண்ணும் ‘வேங்கடாசலம்’ என்றே அறியப்படுகின்றனர். அப்படு, நாயுடு என்னும் பெயர்கள் தெலுங்கின் ஆண்பால் ஈற்றையும் மரியாதை ஈற்றையும் இன்றளவும் தாங்கி நிற்கின்றன.

3. எழுத்தாளன் செவியும் பேச்சுத் தமிழும்

இப்பெயர்களும் சடங்குச் சொற்களும் ரோமன் எழுத்தில் பதிவான முறை மொழியியல் நோக்கில் மிகப் பயனுடையது. பேச்சுத் தமிழில் சொல்லீற்று -அம் மூக்கொலி பெற்ற ஒகரமாகவும், -அன் மூக்கொலி பெற்ற எகரமாகவும் ஒலிக்கின்றன. மரம், அவன் என்னும் சொற்களைப் பேச்சில் ஒலித்துப் பார்த்தால் மகர னகர மெய்கள் தனித்து நில்லாமல் முன்னுள்ள உயிரோடு கலந்துவிடுவதை உணரலாம். பிரெஞ்சு மொழியிலும் இவ்விரு மூக்கின உயிர்கள் உள்ளன; அவற்றை எழுத இருவேறு எழுத்துக் கூட்டல்களும் உள்ளன. ஆதலின் பிரெஞ்சுச் செவி தமிழ் ஈறுகளை வேறுபடுத்திக் கேட்டு வேறுபடுத்தியே எழுதிற்று.

ரசம் என்பது ‘ரஸோன்’ என்பதுபோல் எழுதப்பட்டது. போர்ட் லூயிஸிலுள்ள சொக்கலிங்க மீனாட்சியம்மன் கோயிலுக்கு வழங்கும் கைலாசம் என்னும் பெயர் ‘கைலாஸோன்’ ஆயிற்று. ரியூனியனில் மத்தளம் ‘மத்தலோன்’ எனப்படுகிறது. மறுபுறம், கோவிந்தன் ‘கோவிந்தென்’ என்றும் அம்மன் ‘அம்மென்’ என்றும் சுப்பிரமணியன் ‘சுப்ரமணியென்’ என்றும் எழுதப்பட்டன. -அம் எல்லாம் -ஓன். -அன் எல்லாம் -என். இவ்வொழுங்கு தற்செயலானதன்று. ஆறுமுகம், வேங்கடாசலம் முதலியவற்றில் காணும் -உம் என்னும் கூட்டலோ ஆங்கில எழுத்தரின் வழக்கு. 1810இல் ஆங்கிலேயர் மொரீஷியஸைக் கைப்பற்றிய பின்னரும் பிரெஞ்சு மொழியும் சட்டமும் அங்கு நீடித்தமையால் இரு கூட்டல்களும் அருகருகே வாழ்கின்றன.

‘சிதைந்த வடிவங்கள்’ எனப் பலராலும் ஒதுக்கப்பட்ட இவை, உண்மையில் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பேச்சுத் தமிழின் நுட்பமான பதிவுகளாகும். எழுத்துத் தமிழையே எழுதிய அக்காலத் தாயகத் தமிழர் தம் பேச்சொலியை இத்துணைத் துல்லியமாகப் பதிவு செய்தது அரிது.

4. குடியிருப்பு வரிசையில் குடும்பம்

பிஜியில் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள் ‘லைன்’ எனப்பட்டன. தொடக்கக் காலத்தில் 10 அடி நீளமும் 7 அடி அகலமும் கொண்ட ஓர் அறையில் தனி ஆடவர் மூவரோ ஒரு குடும்பமோ வாழ்ந்தனர். நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிர் என்ற விகிதத்தில் ஆட்கள் அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. பெண்டிர் தொகை இவ்வாறு குறைந்திருந்தமையால் சாதி, ஊர், மொழி ஆகிய மூன்றையும் பார்த்து மணம் முடிப்பது பெரும்பாலோருக்கு இயலாததாயிற்று. சமயச் சடங்கின்படி நடந்த திருமணம் பதிவு செய்யப்படாவிடின் சட்டத்தின் முன் செல்லாது என்ற நிலையும் குடும்பத்தை நிலைகுலையச் செய்தது. தென்னாப்பிரிக்காவில் இதுபோன்ற நிலை 1913ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பால் பெரும் போராட்டத்துக்கு வழிவகுத்தது நன்கு அறியப்பட்டதே.

தீவின் பொதுமொழி உறவுமுறைச் சொற்களையும் தாக்கிற்று. மொரீஷியஸ் கிரியோல் மொழியில் தந்தையின் தம்பியும் தாயின் தம்பியும் ‘தொந்தோன்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவர். அவர்தம் மக்கள் யாவரும் ‘குசென்’. மணமுறைக்கு உரியவர் யார், உடன்பிறந்தாருக்கு நிகரானவர் யார் என்னும் வேறுபாட்டை இச்சொற்கள் காட்டா. பிஜியில் வழங்கிய இந்தியோ தாய்மாமனையும் சிற்றப்பனையும் வேறுபடுத்தும். ஆயினும் மாமன் மகளை உடன்பிறந்தாளாகவே வைக்கும். வட இந்தியருக்கு மாமன் மகளை மணத்தல் தகாத செயலாகத் தோன்றியது. தென்னிந்தியருக்கு அது முறையான செயல். ஆகவே வீட்டுமொழி மாறுவதென்பது தென்னிந்தியக் குடும்பத்துக்கு வெறும் சொல்மாற்றமாக இராமல், மணவுறவின் இலக்கணமே மாறுவதாக அமைந்தது. இம்மாற்றத்தில் தமிழ்க் குடும்பமும் தெலுங்குக் குடும்பமும் ஒரே இழப்புக்கு உள்ளாயின என்பது கருதத்தக்கது.

5. அடுக்களைச் சொற்களின் சான்று

இழப்புக்கு நடுவே நிலைத்தவை அடுக்களைச் சொற்களே. இவை தமிழினவா தெலுங்கினவா என்பதை ஒலியமைப்பே தெளிவாகக் காட்டுகிறது.

கறிவேப்பிலை மொரீஷியஸில் ‘கரிப்புலே’ எனவும் ரியூனியனில் ‘கலுப்பிலே’ எனவும் வழங்குகிறது. இரண்டின் ஈறும் ‘இலை’ என்பதன் பேச்சு வடிவம். தெலுங்கில் இது ‘கரிவேபாகு’. ‘ஆகு’ என்பதன் சுவடு தீவு வடிவங்களில் இல்லை. முருங்கைக்கீரை இரு தீவுகளிலும் ‘ப்ரெத் முரும்’. தெலுங்கின் ‘முனக’ என்பதினின்று இது தோன்றியிருக்க முடியாது. ரஸோன் என்பதற்கு இணையான தெலுங்கு வழக்கு ‘சாரு’. தீவுகளில் காரமான துவையலையும் தக்காளி கூட்டிய குழம்பையும் குறிக்கும் ‘ருகாய்’ என்னும் சொல் ஊறுகாய் என்பதன் வழிவந்தது. தெலுங்கின் ‘ஊரகாய’ அகர ஈறு பெற்றது. தீவுச் சொல்லோ யகர மெய்யோடு முடிந்து தமிழ்ப் பக்கமே சாய்கிறது.

எனவே அடுக்களை அடுக்கில் மேலோங்கி நின்றது தமிழே. தீவுகளில் தெலுங்கு பேசியோர் பலர் இருந்தும் இவ்வாறு நேர்ந்தமைக்குக் காரணம் காண்பது கடினமன்று. ஒப்பந்த முறைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்தில், 1730களில் புதுச்சேரிப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர் மொரீஷியஸுக்கு அழைத்துவரப்பட்டனர். பின்னர் வந்தோர் எம்மொழியினராயினும், ஏற்கெனவே கிரியோலில் இடம்பெற்றுவிட்ட இச்சொற்களையே சந்தையில் கேட்டுப் பழகினர் எனக் கொள்ளலாம்.

6. புரட்டாசி

சித்தூர், திருப்பதி வட்டாரத்திலும் வட தமிழகத்திலும் புரட்டாசிச் சனிக்கிழமை வீட்டு விழாக்களுள் தலையாயது. திருமலையில் பிரம்மோற்சவம் நிகழும் காலமும் இதனையொட்டியதே. வீட்டில் புலால் விலக்கப்படும். நெற்றியில் நாமமிட்ட பிள்ளைகள் சொம்பு ஏந்தித் தெருவில் ‘கோவிந்தா’ என்று கூவி அரிசி பெறுவர். அவ்வரிசியைச் சேர்த்துப் பொங்கிப் பெருமாளுக்குத் தளிகை போடுவர். அரிசி மாவில் விளக்கிடுவர். திருப்பதிக்குச் செல்ல இயலாத குடும்பம் மஞ்சள் துணியில் காசு முடிந்து, செல்லும் நாள்வரை அதனைக் காத்து வைக்கும். குலதெய்வம் என்று தமிழிலும் இலவேல்பு என்று தெலுங்கிலும் கூறப்படும் வீட்டுத்தெய்வமாக வேங்கடவனைக் கொண்ட குடும்பங்கள் இரு மொழியிலும் உள்ளன.

மொரீஷியஸில் இந்நோன்பின் பெயர் ‘கோவிந்தென்’. தமிழ்க் குடும்பங்கள் புரட்டாசித் திங்கள் முழுவதும் புலால் நீக்கி, வீட்டிலும் கோயிலிலும் வழிபாடு செய்து, உறவினரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து வாழையிலையில் விருந்திடுகின்றன. விருந்துக்கு ‘ஏழு கறி’ எனப் பொருள்படும் கிரியோல் பெயர் வழங்குகிறது. ரஸோனும் பச்சடியும் அதில் இடம்பெறும். அண்டை வீட்டார் கிறித்தவராகவோ இசுலாமியராகவோ இருப்பினும் இலையின் முன் அமர்வர். வேற்றுச் சமயத்தாரும் தமிழ்ச் சொற்களை அறிந்து வழங்குவதற்கு இவ்விருந்தே முதன்மையான வாயில்.

இப்பெயரில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, கடவுளின் பெயர் விழாவின் பெயராகப் பொருள் விரிந்துள்ளது. தாயகத்தில் கோவிந்தா என்பது கூவல். தீவில் கோவிந்தென் என்பது நாள். இரண்டாவது, இன்று தெலுங்கு மாநிலத்தில் அமைந்துள்ள மலைக்கோயிலின் இறைவன் தமிழ் ஆண்பால் ஈற்றோடு தீவில் நிலைபெற்றுள்ளான். தெலுங்கு வழியாயின் ‘கோவிந்துடு’ என அமைந்திருக்கும். மூன்றாவது, திங்களின் பெயர் வேளாண்மைப் பொருளை இழந்துள்ளது. புரட்டாசி தாயகத்தில் வெயில் தணிந்து மழை எதிர்நோக்கும் காலம். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயுள்ள மொரீஷியஸில் அது குளிர்காலம் முடியும் வேளை. கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கும் பருவம். தைத் திங்களோ அங்குக் கோடையும் புயலும் நிலவும் காலம். தமிழ்த் திங்கட்பெயர்கள் தீவில் பருவத்தைச் சுட்டாமல் நோன்பை மட்டுமே சுட்டுகின்றன.

தோட்ட வேலையின் நாட்காட்டி விழாக்களின் இயல்பையும் தீர்மானித்தது எனக் கருத இடமுண்டு. கரும்பு வெட்டு ஏறத்தாழ சூன் முதல் திசம்பர் வரை நீளும். வெட்டுக்காலத்துள் வரும் புரட்டாசி நோன்பு வீட்டளவில் நிற்பதாயிற்று. வெட்டு முடிந்த பின் வரும் தைப்பூசக் காவடியும் தீமிதியும் ஊர்த் திருவிழாக்களாக வளர்ந்தன. தைப்பூசக் காவடி இன்று மொரீஷியஸில் அரசு விடுமுறை நாள். பிஜியில் தென்னிந்தியர் சங்கத்தின் ஆண்டு மாநாடு ஈஸ்டர் விடுமுறையில் கூடுவதும் இவ்வகையினதே. குடும்பங்கள் எப்போது ஒன்றுகூடலாம் என்பதை முதலாளியின் விடுமுறையே வரையறுத்தது. கூடிய பின் என்ன செய்வது என்பதைக் குடும்பங்கள் தாமே வரையறுத்தன.

7. தீக்குழி

சித்தூர் மாவட்டத்துத் தருமராஜர் கோயில்களில் பாரதத் திருவிழா நடைபெறும். பதினெட்டு நாட் போரையொட்டிப் பாரதம் படித்தல், அருச்சுனன் தவமரம் ஏறுதல், துரியோதனன் படுகளம், இறுதியில் திரௌபதியின் பெயரால் தீமிதித்தல் என்பன அதன் உறுப்புகள். கதை சில ஊர்களில் தெலுங்கிலும் சில ஊர்களில் தமிழிலும் சொல்லப்படும். தீக்குழி இருவருக்கும் ஒன்றே.

ரியூனியனில் திரௌபதி ‘பந்தியாலே’ எனப்படுகிறாள்; தீமிதி விழாவும் அப்பெயரே பெற்றுள்ளது. இச்சொல் பாஞ்சாலி என்பதன் திரிபு. தமிழில் மெல்லெழுத்தை அடுத்த சகரம் ஒலிப்புடையதாகும். ஆதலின் ‘பாஞ்சாலி’ என்பதன் ‘ஞ்ச’ கிரியோலில் ‘ந்திய’ என ஒலிப்புடை ஒலியாகவே அமைந்தது. தெலுங்கில் இச்சகரம் ஒலிப்பற்றது. அதன் வழியாயின் இவ்வடிவம் தோன்றாது. தீமிதிக்கு முன் மணிக்கட்டில் கட்டும் காப்பு ‘கப்பு’ எனவும், பூசாரி ‘புசாரி’ எனவும், நாடகம் ‘நார்ல்கோன்’ எனவும், கூத்துப் பயிற்றும் வாத்தியார் ‘வர்த்தியால்’ எனவும் அங்கு வழங்குகின்றன. டகரத்தை ‘ர்ல்’ என எழுதியமை நாவளை ஒலியைப் பற்ற முயன்ற செவியின் பதிவாகும்.

ரியூனியனின் தமிழ்க் குடும்பங்கள் பல திருமுழுக்குப் பெற்றுப் பிரெஞ்சு முதற்பெயரோடு வாழ்வன. ஞாயிறு தோறும் தேவாலயத்துக்குச் செல்வோர் தம் வீட்டில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதும் உண்டு. அவர்களிடம் எஞ்சிய தமிழ், வாக்கியம் அமைக்கும் தமிழன்று. சடங்கை நடத்தும் தமிழ். அதற்கு இலக்கணம் இல்லை, வரிசை உண்டு. எச்செயலுக்குப் பின் எச்சொல் என்னும் வரிசையே அச்சொற்களைக் காத்தது.

8. ஒரு வீடு, இரு சங்கங்கள்

1926இல் பிஜியின் நாந்தி நகரில் சாது குப்புசாமி முன்னின்று தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவினார். அவரும் 1912இல் ஒப்பந்தக் கூலியாக அத்தீவுக்கு வந்தவரே. தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசுவோர் அனைவரையும் சங்கம் தன்னுள் கொண்டது. இந்தி பொதுமொழியாகிவிட்ட தீவில் தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்க வேண்டும் என்பதே அதன் தலையாய நோக்கம். இராமகிருஷ்ண இயக்கத்தின் உதவியை அது நாடியது. 1937இல் சுவாமி அவினாசானந்தரும் 1939இல் சுவாமி உருத்திரானந்தரும் பிஜிக்கு வந்தனர்.

ஆயினும் பள்ளி என்று வந்தவுடன் பிள்ளைக்கு எம்மொழி என்ற வினா எழுந்தது. வடஆர்க்காட்டுத் தெருவில் இவ்வினா எழவில்லை. அங்குப் பிள்ளை இரண்டையும் கேட்டு வளர்ந்தது. பாடநூல் ஒன்றைத்தான் கையில் கொடுக்க முடியும். 1941இல் தெலுங்கர் தனியே தட்சிண இந்திய ஆந்திர சங்கத்தை அமைத்துக்கொண்டனர். தாயகத்தில் ஆந்திர மாநிலம் பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தீவில் எல்லைக்கோடு வரையப்பட்டுவிட்டது. மொரீஷியஸில் ஆந்திர மகாசபை 1947இல் தோன்றியது. இன்று அங்கு உகாதி அரசு விடுமுறை நாளாகவும் தெலுங்கரின் தனி அடையாளமாகவும் விளங்குகிறது. தீவுத் தெலுங்கர் சிம்மாத்திரி அப்பன்னாவைப் போற்றுதல் அவர்களுட் பலர் விசாகப்பட்டினப் பகுதியினர் என்பதைக் காட்டும். ஆகவே சித்தூர்ப் பகுதி இருமொழிக் குடும்பங்கள் எவ்வரிசையில் நின்றாலும் தம் பாதியை விட்டு நிற்க வேண்டியதாயிற்று.

மொழி அடையாளத்துக்கு நேரும் சிறு மாற்றமும் எத்துணை ஆழமாக உணரப்படும் என்பதை 1998ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டுகிறது. மொரீஷியஸ் பணத்தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ், அவ்வாண்டு வெளிவந்த புதிய தாள்களில் இந்திக்குப் பின் வைக்கப்பட்டது. தமிழர் கடுமையாக எதிர்த்தனர். தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. கிளர்ந்தெழுந்தோருட் பெரும்பாலோரின் வீட்டுமொழி கிரியோல். மக்கள் கணக்கெடுப்பிலும் வீட்டில் பேசும் மொழியும் முன்னோர் மொழியும் தனித்தனியே கேட்கப்படுகின்றன. பேசாத மொழியும் ஒருவருக்கு உரிமையான மொழியாகும் என்பதை அவ்விரண்டாம் வினா ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் அதற்கு ஒரு மொழியைத்தான் விடையாகத் தருவது வழக்கமாகிவிட்டது. இருமொழி வீட்டின் வழியினர் அதிலும் ஒன்றையே தேர்கின்றனர்.

9. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

தீவு இலக்கியங்களையும் ஆவணங்களையும் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் சில இவ்வாய்வின் வழித் தெளிவாகின்றன.

(அ) ‘மல்பார்’ என்பதை ‘மலபார்க்காரர்’ எனவோ ‘மலையாளி’ எனவோ பெயர்த்தல் பிழை. இடத்துக்கேற்பத் ‘தமிழர்’ என்பதே பொருந்தும்.

(ஆ) நோன்பைக் குறிக்க மொரீஷியஸ், ரியூனியன் தமிழர் பிரெஞ்சுக் கிறித்தவச் சொல்லான ‘காரெம்’ என்பதையே வழங்குகின்றனர். இதனைத் தமிழ்க் கிறித்தவ வழக்கை ஒட்டித் ‘தவக்காலம்’ எனப் பெயர்த்தால் காவடி எடுப்பவர் கிறித்தவ நோன்பிருப்பவராகிவிடுவர். ‘நோன்பு’ அல்லது ‘விரதம்’ என்பதே தக்கது.

(இ) ‘குசென்’, ‘தொந்தோன்’ முதலிய உறவுச் சொற்களுக்குத் தமிழில் ஒரு சொல்லைத் தேர்ந்தே ஆகவேண்டும். மாமன் மகன் எனத் தேர்ந்தால் மணமுறை தோன்றும். சித்தப்பா மகன் எனத் தேர்ந்தால் அது மறையும். மூலம் கூறாத உறவைத் தமிழ் கூறிவிடும். குடும்ப வழி தெரியாதவிடத்து ‘உறவுக்காரப் பையன்’ என நிறுத்திக்கொள்வது நேர்மையானது.

(ஈ) ‘கோவிந்தென்’, ‘ரஸோன்’, ‘பந்தியாலே’ போன்றவற்றைத் திருத்திக் கோவிந்தன், ரசம், பாஞ்சாலி என எழுதுவதா, அவ்வாறே வைப்பதா என்பது நான்காவது சிக்கல். பொருள் விளங்கத் திருத்தம் உதவும். ஆனால் கோவிந்தென் என்பது புரட்டாசி நோன்பைக் குறிக்கிறது. கோவிந்தன் என்னும் தமிழ்ச் சொல் அதனைக் குறிப்பதில்லை. தீவு வடிவத்தை வைத்து முதன்முறை வருமிடத்தில் விளக்குவதே பொருளுக்கும் வரலாற்றுக்கும் ஏற்றது.

இந்நான்காவது சிக்கல் மொழிபெயர்ப்பாளரோடு நிற்பதன்று. மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. 1989இல் ஏழாம் உலகத் தமிழ் மாநாடு மொரீஷியஸில் நடைபெற்றது. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குருக்கள் இத்தீவுகளின் கோயில்களுக்கு வருகின்றனர். இவற்றால் தீவுத் தமிழர் எழுத்துத் தமிழோடு மீண்டும் உறவு கொண்டனர். இது பெரும்பேறு. அதே வேளையில் பாட்டி வழங்கிய சொல்லைப் பேத்தி பிழையெனக் கற்கும் நிலையும் தோன்றியுள்ளது. ரசம் என்று எழுதக் கற்பவர், ரஸோன் என்று ஒலித்த பாட்டி பேச்சுத் தமிழின் இலக்கணத்தைப் பிழையறக் காத்தவர் என்பதையும் சேர்த்துக் கற்றல் வேண்டும்.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். தீவுகளில் குடும்ப வாழ்வின் சொற்கள் ஒரே அளவில் நிலைபெறவில்லை. உறவுமுறைச் சொற்கள் பொதுமொழியின் தாக்கத்துக்கு உட்பட்டன. அடுக்களைச் சொற்களும் நோன்பு, தீமிதிச் சொற்களும் நிலைத்தன. நிலைத்த சொற்களின் ஒலியமைப்பு அவை பேச்சுத் தமிழின் வழிவந்தவை என்பதையும் தெலுங்கின் வழிவந்தவை அல்ல என்பதையும் காட்டுகிறது. ஆனால் அச்சொற்கள் சுட்டும் வாழ்வு, அதாவது வேங்கடவன் நோன்பும் திரௌபதி தீக்குழியும் மாமன் மகள் உரிமையும், வடஆர்க்காட்டு நிலத்தில் தமிழர்க்கும் தெலுங்கர்க்கும் பொதுவானதாகும். சொல்லைக் கொண்டு மட்டும் வாழ்வுக்கு உரியவரை வரையறுத்தால் பாதிப்பேர் விடுபட்டுப் போவர்.

மொழிக்குப் பத்தி இல்லாத குடியேற்றச் சீட்டு அவர்கள் எல்லோரையும் மதராஸி ஆக்கிற்று. பின்வந்த சங்கங்களும் கணக்கெடுப்புகளும் ஒவ்வொருவருக்கும் ஒரு மொழியைத் தந்தன. முன்னது மொழியை மறைத்தது. பின்னது இரண்டாம் மொழியை மறைத்தது. விஜயபுரம், நகரிப் பகுதியின் இன்றைய வீட்டு வழக்கையும் தீவுகளின் சடங்கு வழக்கையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுச் சொற்றொகுதி ஒன்று உருவாக்கப்படுமாயின், பதிவேடு எழுதாமல் விட்ட அப்பத்தியை ஓரளவேனும் நிரப்ப இயலும். தமிழ், தெலுங்கு ஆய்வாளர் இணைந்தே செய்ய வேண்டிய பணி அது.